சுபம் இல்லாத படம்

“நேற்றிரவு உறங்கப் போகுமுன் நீ கடைசியாகக் கண்டது எது?”

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் இக்கேள்வியை வைத்தோம். பெயர் எழுத வேண்டாம், துண்டுத் தாளில் ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றோம். திருச்சுழி சாலையிலே, கரிசலுக்கும் சீமைக் கருவேலங் காட்டுக்கும் நடுவே நிற்கும் பள்ளி நாம் பணி செய்யும் பள்ளி. தறி நெய்வோரின் பிள்ளைகள், நூற்பாலைக்கு இரவுமுறை வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள், விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு அரைத் தூக்கத்தோடு வகுப்புக்கு வருவோர், கரிமூட்டம் போடும் குடும்பத்தார் — இவர்களே நம் மாணவர். சீமான் வீட்டுச் செல்வங்கள் அல்லர். ஆகவே, ‘அம்மாவின் முகம்’ என்று ஒருவனாவது எழுதுவான், ‘ஓட்டு ஓட்டை வழியே நிலா’ என்று ஒருத்தியாவது எழுதுவாள், பொய்க்கேனும் ‘பாடப் புத்தகம்’ என்று சிலர் எழுதுவர் என எண்ணியிருந்தோம்.

தாள்கள் வந்தன. “ஒரு அண்ணன் அரிவாளோடு நடந்து வருவார், பின்னால் பாட்டு” என்றது ஒன்று. “ஒரே வாரத்தில் முகம் வெள்ளையாக மூன்று பொருள்” என்றது ஒன்று. “இதைப் பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் பரீட்சையில் பெயில்” — இது ஒன்று. “என் தோழி என் ஸ்டேட்டஸைப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை” — இது மற்றொன்று; எழுத்து சற்று நடுங்கியிருந்தது. ஆனால் கட்டில் பெரும்பகுதி இவையல்ல. பெரும்பகுதித் தாள்களில் இருந்தவை இரண்டே சொற்கள்: “ஞாபகம் இல்லை.” ஒருவன் மட்டும் விளக்கம் தந்திருந்தான்: “நிறையப் பார்த்தேன், ஞாபகம் இல்லை.”

முந்திய தாள்களைக் கண்டபோது சினம் வந்தது. இதைக் கண்டபோது அச்சம் வந்தது. ஒரு கூத்தைப் பார்த்துக் கெட்டுப் போனவன் என்ன பார்த்தான் என்றாவது கூறுவான், அவனோடு வாதாடலாம். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, பார்த்தது இன்னதென்று கூற இயலாதவனிடம் என்ன சொல்லி வாதாடுவது?

பெரியவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள் — போன் கெடுத்தது, பிள்ளைகள் கெட்டார்கள், கலி முற்றிற்று! இந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஏற்க இயலாமைக்குக் காரணம் உண்டு. இதே தீர்ப்பை நம் தாத்தாக்கள் தம் காலத்தில் கேட்டிருக்கிறார்கள். சினிமாக் கொட்டகை வந்தபோது, மாணவர் கெட்டழிவர் என்றே ஊர்ப் பெரியவர்கள் உரைத்தார்கள். பெரியாரே சினிமாவைக் கடுமையாகச் சாடியவர்தாம். எனினும் அந்தத் திரையிலேதான் 1949இல் ‘வேலைக்காரி’ வந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்தது. ஊர்ப் பெரியவர்கள் அஞ்சிய அதே கொட்டகையில், அவர்கள் விடைகூற இயலாத கேள்விகள் பிறந்தன. புதிய கருவியைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் மூடத்தனம். காறி உமிழ்வதும் மூடத்தனம். இக்கருவியிலும் பயன் காண்போர் நம் வகுப்பிலேயே உண்டு. தந்தையின் மோட்டார் எரிந்துபோனபோது யூடியூப் பார்த்துத் தானே கம்பி சுற்றக் கற்றவன் ஒருவன். இயற்கணிதத்தில் நமது சக ஆசிரியர் மூன்று முறை கூறியும் புரியாததை, யாரோ ஒரு முகமறியா ஆசிரியர் தமிழில் கூறக் கேட்டுப் புரிந்துகொண்டவள் ஒருத்தி. இவர்களிடம் போய்ப் போன் நஞ்சு என்று கூறினால், நம்மைத்தான் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? சினிமாவுக்கும் இதற்கும் இடையே நாம் காணும் வேறுபாடு ஒன்றுண்டு. அது படத்தின் கடைசிக் காட்சியில் இருக்கிறது.

பழைய படங்களின் முடிவில் ‘சுபம்’ என்று போடுவார்கள். ‘வணக்கம்’ என்றும் போடுவார்கள். விளக்குகள் எரியும். மணலைத் தட்டிவிட்டு எழுவார்கள். கொட்டகையிலிருந்து ஊருக்கு இரண்டு மைல் நடை. அந்த நடையிலேதான் படம் உண்மையில் ஓடும். “அவன் அப்படிப் பேசியது சரியா?” என்பார் ஒருவர், “ஏன், அவன் தங்கை பட்ட பாட்டுக்கு வேறென்ன பேசுவான்?” என்பார் மற்றவர். படம் கொடுத்தது மூன்று மணி நேரம்; நடை கொடுத்தது ஒரு மணி நேரம். எண்ணுவதற்கான நேரம் அந்த ஒரு மணி நேரந்தான்.

இன்று மாணவன் கையில் உள்ள படத்தில் ‘சுபம்’ இல்லை. இது தற்செயல் அன்று, அப்படியே செய்யப்பட்டது. பக்கத்தின் அடி வந்ததும் நின்று, அடுத்த பக்கத்துக்குச் செல்ல ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது. அந்த அடியை எடுத்துவிட்டு, விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் முறையை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அவர் வருந்தினார், கம்பெனிகள் வருந்தவில்லை. ஏன் வருந்தப் போகின்றன? இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் உடைமையாகக் கொண்ட மெட்டா, 2024ஆம் ஆண்டில் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 16,400 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் விளம்பரப் பணம். கொட்டகைக்காரன் சீட்டுக் காசை வாங்கிக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் “எழுந்து போ, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் நிற்கிறது” என்று விரட்டுவான். இவனோ சீட்டே கேட்பதில்லை. எழுந்து போகத்தான் விடுவதில்லை. உட்கார்ந்திருக்கும் நேரமே இங்கு சரக்கு. விற்கப்படுவது அந்தச் சரக்கு. விற்பவன் அந்தப் பிள்ளை அல்லன்.

கல்விக்கு இதனால் வரும் கேட்டை மதிப்பெண்ணில் மட்டும் தேடுவோர் ஏமாறுவர். தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நம் விருதுநகர் மாவட்டம். மனப்பாடம் செய்வித்துத் தேர்ச்சி பெறவைக்கும் கலை நம் ஆசிரியர்க்கு நன்கு தெரியும். போன் வந்த பின்னும் அது மறந்துபோகவில்லை. குறைந்துவருவது வேறொன்று. ஒரு பக்கக் கதையை வாசித்துவிட்டு, “இதில் யார் மீது உனக்கு இரக்கம் வந்தது?” என்று கேட்டால், முதல் பத்தியிலேயே கண் சறுக்கிவிடுகிறது. கவனம் ஒருமுறை கலைந்தால், விட்ட இடத்துக்கு முழுமையாகத் திரும்ப மாணவனுக்கு இருபது நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை. நம் பாடவேளை நாற்பது நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிரதம் அமைப்பு கிராமப்புற இந்தியாவில் நடத்திய 2024ஆம் ஆண்டு ‘ஏசர்’ ஆய்வு ஒன்று கூறுகிறது: 14 முதல் 16 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 82 பேர்க்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். அவர்களுள், முந்திய ஒரு வாரத்தில் அதைக் கல்விக்குப் பயன்படுத்தியோர் 57 பேர். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியோர் 76 பேர். இடைவெளி நாம் நினைத்த அளவு பெரிதில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஐம்பத்தேழு பேர் கற்கிறார்கள்! அந்த ஐம்பத்தேழு பேரும் கற்கும் கருவியும் கவனத்தைக் களவாடும் கருவியும் ஒன்றாயிருப்பதுதான் தொல்லை. புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நடுவே ஒரு பொம்மலாட்டம் எழுந்து நின்றால், படிப்பவன் என்ன செய்வான்?

மனநலத்தைப் பற்றி அறிஞர்களே ஒருமித்து நிற்கவில்லை. ஜொனாதன் ஹைட் என்பவர் 2024இல் எழுதிய நூலில், ஒரு தலைமுறையின் மனக்கலக்கத்துக்கே போனைக் காரணமாக்குகிறார். அதே ஆண்டில் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் என்னும் உளவியலார், அதற்குத் தக்க சான்று இல்லை என மறுத்தார். 2019இல் ஆமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளையோர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, இளையோரின் நல்வாழ்வில் காணும் ஏற்றத்தாழ்வில் மின்கருவிப் பயன்பாட்டுக்குரிய பங்கு நூற்றுக்கு 0.4க்கு மேல் இல்லை என்றார்கள். உருளைக்கிழங்கு உண்பதற்கும் ஏறக்குறைய அதே அளவு தொடர்பு தெரிந்ததாம்! பகுத்தறிவு பேசுவோர் தமக்கு உவப்பான ஆய்வை மட்டும் எடுத்து ஆடுவது நேர்மையன்று. ஆகவே இதையும் சொல்லிவிட்டோம். ஆனால், சராசரி ஆழம் முழங்கால் அளவுதான் என்று கேட்டுக் கண்மாயில் இறங்கியவனின் கதை நமக்குத் தெரியும். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று சராசரி சொல்லாது.

பள்ளம் எங்கே இருக்கிறதென்பது கம்பெனிக்கே தெரியும். 2021இல் பிரான்சிஸ் ஹாகன் என்னும் அம்மையார் பேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோது, அவற்றுள் ஒன்று இன்ஸ்டாகிராம் பற்றியது. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருத்திக்கு அந்த நோவு இதனால் கூடுகிறது என்று, கம்பெனியின் ஆராய்ச்சியாளரே எழுதிவைத்திருந்தார்கள். எழுதினார்கள், படித்தார்கள், பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ‘முகம் வெள்ளையாக மூன்று பொருள்’ என்று எழுதிய அந்தத் தாளை இப்போது எடுத்துப் பாருங்கள். கரிசல் வெயிலில் பூப் பறித்துக் கறுத்த முகம் அது. கறுப்பு இழிவன்று என்று எத்தனை மேடைகளில் பேசினோம்! மேடைப் பேச்சு ஆண்டுக்கு ஒரு முறை. கண்ணாடி போல் காட்டி முகத்தைத் தானே வெளுத்துத் தரும் பில்டர் நாளுக்கு நாற்பது முறை. அவள் வயதில் நமக்கு நம் முகம் சலூன் கண்ணாடியில் மாதம் ஒருமுறை தெரிந்தது. அதில் என்ன குறை என்று எண்ணவும் நேரமில்லை.

‘பதினொரு பேருக்கு அனுப்பு’ என்ற தாளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் தாத்தா காலத்தில் இது அஞ்சலட்டையில் வந்தது. இத்தனை பேருக்கு எழுதி அனுப்பாவிட்டால் இரத்தம் கக்கிச் சாவாய் என்று மிரட்டும். அன்று மூடநம்பிக்கைக்குத் தபால் செலவாவது இருந்தது!

இனி அந்த அரிவாள் அண்ணனுக்கு வருவோம். இது இலக்கிய ஏடு. ரீல்ஸும் ஒரு கலை வடிவம் என்று சொல்லப்படுகிறது. ஆகவே முறைப்படி விமர்சனம் செய்வோம்.

காலம் இருபது வினாடி. காட்சி: கீழிருந்து மேல்நோக்கிய கோணம். அண்ணன் வருகிறார். மெல்ல வருகிறார். மேலும் மெல்ல வருகிறார். பின்னால் நாலைந்து வண்டிகள், வெள்ளைச் சட்டைகள். பறை முழங்குகிறது, ஆண்ட பரம்பரை என்று ஒரு குரல் அறைகிறது. மேலே ஒரு சாதியின் பெயர், அச்சாதிக்குரிய இரு வண்ணங்களில் மின்னுகிறது. முடிந்தது. அண்ணன் செய்த அருஞ்செயல் என்ன? நடந்தார். யாரைக் காத்தார்? காட்டவில்லை. எவனை எதிர்த்தார்? கூறவில்லை. எதற்காக அரிவாள்? கேட்கக்கூடாது. எவ்வளவு மட்டமான நாடகத்திலும் வில்லன் வாய் திறந்து ஒரு காரணம் சொல்வான். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நாம் அவனை மடக்கலாம். இங்கே வாதமே இல்லை. வாதம் இல்லாததை எப்படி மறுப்பது? இக்கலையின் வலிமை அதுதான், வஞ்சகமும் அதுதான்.

நம் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தலைவர்களின் நினைவு நாள்கள் வரும். பேருந்துகள் நிற்கும், கடைகள் அடைக்கப்படும், காவலர் குவிவர். முன்பெல்லாம் அந்த வெப்பம் அந்தச் சில நாளோடு தணிந்தது. இன்று அண்ணன்மார் ஆண்டு முழுவதும் நடக்கிறார்கள், பிள்ளையின் போர்வைக்குள்ளே நடக்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவன் பயின்ற பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அக்கொடுமைக்கு ரீல்ஸ்தான் காரணம் என்று நாம் கூற மாட்டோம். சாதி போனுக்கு மிக மூத்தது. அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர்க் குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையைத் தந்தது. மாணவர் கைகளில் சாதி வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டியிருப்பதை நீக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. நல்ல பரிந்துரைகள். கத்தரிக்கோல் ஒன்று நம் மேசையிலும் இருக்கிறது. ஆனால் மணிக்கட்டில் உள்ள கயிறு கண்ணுக்குத் தெரியும், வெட்டலாம். ஸ்டேட்டஸில் கட்டிய கயிற்றை எந்தக் கத்தரிக்கோலால் வெட்டுவது? இருபத்துநான்கு மணி நேரத்தில் அது தானே மறைந்துவிடும். மறையுமுன், பார்க்க வேண்டியவன் பார்த்திருப்பான், கொதிக்க வேண்டியவன் கொதித்திருப்பான். காலையில் இருவரும் ஒரே பெஞ்சில் வந்து அமர்வார்கள். ஆசிரியராகிய நமக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை இதை வகுப்பில் வாய்விட்டுப் பேசிவிடுவது என்று துணிந்தோம். எழுதியது யார் என்று கேட்கவில்லை. தாளை வாசித்து, “அண்ணன் எப்படி நடப்பார்? யாராவது நடந்து காட்டுங்கள்” என்றோம். தயங்கித் தயங்கி ஒருவன் எழுந்தான், நடந்தான். அடுத்த பெஞ்சில் இருந்தவன், “சார், எனக்கு வருவது வேறு அண்ணன்” என்றான். “அவர் எப்படி நடப்பார்?” என்றோம். அவனும் நடந்தான். அதே நடை! அதே மெதுவு, அதே தோள் அசைவு, அதே பாட்டுங்கூட. நிறம் மட்டுமே வேறு. வகுப்பு சிரித்தது. நடந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தன் அண்ணனுக்கு நிகராய் மற்றவன் போனிலும் ஓர் அண்ணன் நடக்கிறார் என்பது அந்த நொடிவரை இருவர்க்குமே தெரியாது.

படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் நாளேடு வாசித்தார்களே, அங்கே ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். பொய் அச்சாகியிருந்தால் பத்தில் ஒருவராவது “பொய்!” என்றார். எல்லோர்க்கும் வந்தது ஒரே ஏடு என்பதால் அது இயன்றது. இன்று ஒவ்வொருவனுக்கும் தனித்தனி ஏடு, தனித்தனி உலகம், தனித்தனி அண்ணன். பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன சொல்லப்படுகிறதென்று பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாது. கண் கெடும், தூக்கம் கெடும் என்பார்கள்; கெடுந்தான். அதைவிடப் பெருங்கேடாக நாம் கருதுவது, பிள்ளையின் உள்ளத்தில் இறங்கும் சொல்லுக்கு மறுசொல் கூற ஒருவருமில்லை என்பதையே.

சிரிப்பிலே சாதி கரைந்தது என்று கதை அளக்க மாட்டோம். மறுநாளும் அவ்விருவரும் வெவ்வேறு நிறுத்தத்தில் நின்றே பேருந்து ஏறினார்கள். ஆயினும் அவர்களுள் ஒருவன் இப்போது நடக்கும்போது பின்னாலிருந்து யாராவது “மெதுவா, மெதுவா!” என்றால், நாணிக் கால்களை எட்டிப் போடுகிறான். இவ்வளவே நாம் கண்ட பயன்.

“தடை செய்துவிட்டால் என்ன?” என்று கேட்போர் உண்டு. செய்து பார்த்திருக்கிறோமே! 2019 ஏப்ரல் 3ஆம் நாள், நம் மாவட்டத்துக்கும் உரிய மதுரைக் கிளை உயர்நீதிமன்றந்தான் டிக்டாக்குக்குத் தடை சொல்லிற்று. அந்த மாதமே, 24ஆம் நாள், அதை நீக்கியும் விட்டது. 2020 ஜூன் 29ஆம் நாள், எல்லைத் தகராற்றைத் தொடர்ந்து, ஒன்றிய அரசு டிக்டாக்கையும் சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்தது. பிள்ளைகள் புத்தகத்துக்குத் திரும்பினார்களா? ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ கடை விரித்தது. செப்டம்பரில் யூடியூப் ‘ஷார்ட்ஸ்’ கடை விரித்தது. கள்ளுக்கடையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே சாராயக்கடை திறந்த கதை! ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதோர்க்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. மீறும் கம்பெனிக்குத் தண்டம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. அதுபோன்ற சட்டத்தை இங்கும் எண்ணிப் பார்க்கலாம் என்று அதே மாதத்தில் மதுரைக் கிளை கருத்துரைத்தது. தண்டம் பிள்ளைக்கன்று, பெற்றோர்க்கன்று, கம்பெனிக்கு என்ற அந்த ஒரு கூற்றுக்காக அச்சட்டத்தை நாம் கவனத்துடன் பார்க்கிறோம். நம் நாட்டிலோ, 18 வயது நிரம்பாதோரைப் பின்தொடர்ந்து அவர்கள் மீது விளம்பரம் ஏவுவதைத் தடுக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நிறைவேறிற்று. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. வெளிவந்த பின்னும் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பதினெட்டு மாதம் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு வரை!

தடை என்ற சொல் நம் ஊரில் உச்சரிக்கப்படும்போது அது யார் தலையில் விழுகிறதென்பதும் நமக்குத் தெரியும். மேற்கூறிய ‘ஏசர்’ ஆய்வில், போனைக் கையாளத் தெரிந்த அவ்வயதினருள் சொந்தப் போன் உடையோர், ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 36, பெண்பிள்ளைகளில் 27. ஏதேனும் ஒரு தொல்லை எழுந்தால் முதலில் பிடுங்கப்படுவது அந்த இருபத்தேழில் ஒன்று. அரிவாள் ரீல்ஸ் பார்க்கும் மகனிடம் “சார்ஜ் போட்டியா?” என்று கேட்கும் தந்தை, கணக்குப் பாடம் பார்க்கும் மகளிடம் “யாரோட பேச்சு?” என்று கேட்கிறார். எவனோ ஒருவன் அவள் படத்தை எடுத்து இழிவாக ஒட்டி அனுப்பினால், அவள் வீட்டில் சொல்லமாட்டாள்; சொன்னால் போனும் போகும், பள்ளியும் போகும், அடுத்த வைகாசியில் மாலையும் விழும். 1098 என்றோ, 1930 என்றோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்றோ எண்கள் இருப்பதைக் கரும்பலகையில் ஓரமாக எழுதி வைத்திருக்கிறோம். அழிக்க வேண்டாம் என்று கீழே எழுதியிருக்கிறோம். ஒருத்தி அதைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வதைக் கண்டும் காணாததுபோல் இருந்தோம்.

இவ்வளவு எழுதியவர்கள் நம் பங்கையும் எழுத வேண்டும். இந்தப் போனை இப்பிள்ளைகளின் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? கம்பெனியா? பெற்றோரா? பள்ளிதான்! 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு முதல் மேற்பட்டோர்க்கு மீண்டும் திறந்தன. கீழ் வகுப்பினர்க்கு நவம்பர். அதற்கிடையே “போனில் பாடம்” என்றோம். தறிக்கூலி நின்றுபோன காலத்தில் தவணைக்குப் போன் வாங்கினார்கள். கம்மலை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. பள்ளி திறந்தது; போன் திரும்பிப் போகவில்லை. காலை பத்து மணிக்கு ‘போனைத் தொடாதே’ என்று அறிவுரை கூறும் நாமே, இரவு ஏழு மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புகிறோம். இந்த முரண் நம் கண்ணில் படவேயில்லை. படவைத்தவன் ஒரு மாணவன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கேள்வியைக் கேட்டுத் தாள் வாங்கினோம். ‘ஞாபகம் இல்லை’ என்ற தாள்கள் சற்றுக் குறைந்திருந்தன. சொல்லிவைத்த கேள்வி என்பதால் குறைந்திருக்கலாம். கட்டின் நடுவே ஒரு தாள்: “கடைசியாகப் பார்த்தது ஞாபகம் இல்லை சார். முதலில் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வீட்டுப்பாடம். அதைப் பார்க்கத்தான் அம்மாவிடம் போன் வாங்கினேன். வைக்கும்போது பதினொன்றரை.”

திங்கட்கிழமை முதல் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதுகிறோம். தலைமையாசிரியர் அழைத்து, “குழுவில் போட்டால்தானே பெற்றோருக்குத் தெரியும்?” என்றார். நேர்மையான கேள்வி. நம்மிடம் உடனே விடை இல்லை. பெற்றோரையே கேட்போம் என்றோம். வருகிற சனிக்கிழமை கூட்டம். இரவுமுறைக்குப் போகும் தாய்மாரும் வர வேண்டுமென்பதால், மாலை நான்கு மணிக்கு வைத்திருக்கிறோம்.